என்னைவிட உயரமான கியூ

மரம் அறுக்கிற வாள் என் கையில். நான் ஸ்நூக்கர் விளையாடுகிற கியூவின் அடிப்பக்கம் ஓடாவியாரின் வேலைப் பலகையில், இரண்டு கட்டைகளுக்கு நடுவே அசையாமல் இறுக்கப்பட்டுக் கிடந்தது. கொட்டில் முழுக்க வேப்பமரத் தூள் வாசம். தச்சுவேலை செய்கிறவரை எங்கள் பக்கத்தில் ஓடாவியார் என்றுதான் சொல்வோம். இவர் எனக்கு ஒன்றுவிட்ட ஒன்றுவிட்ட ஏதோ ஒரு முறையில் அண்ணை.

"தங்கச்சி, திரும்பவும் சொல்லுறன். இது கனடாச் சாமான். நான் கை வைக்கமாட்டன்."

"நீங்கள் கை வைக்க வேண்டாம். வாளைத் தந்தியள்தானே, அது காணும்."

"நாளைக்கு உங்கடை தம்பி வந்து ஆர் வெட்டினதெண்டு கேட்டால்?"

"நான் வெட்டினனெண்டு சொல்லுறன்."

"எங்கை வைச்சு வெட்டினதெண்டு கேட்டால்?"

ஓடாவியார் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பார்க்காத ஒன்றுக்குப் பொறுப்பில்லை என்பது அவருடைய நியாயம்.

வாளின் பல்லை மரத்தில் வைத்தேன். கறுப்பு மரம், கண்ணாடி போலப் பளபளப்பு. ஒரே ஒரு இழுவை இழுத்தால் போதும், பிறகு தயக்கமிராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. கனடாவிலிருந்து என் தம்பி குட்டன்.

"அக்கா! ரிக்கற் போட்டிட்டன்! வாற மாசம் வாறன்!"

முப்பது வருடத்துக்கு மேலாக நான் கேட்கக் காத்திருந்த சொல். துள்ளிக் குதித்திருப்பேன், கையில் வாள் இல்லாவிட்டால்.

"வந்தவுடனை முதல் வேலை என்ன தெரியுமோ? நான் அனுப்பின கியூவாலை நீங்கள் விளையாடுறதை நான் கண்ணாலை பாக்கவேணும். அதுக்குத்தான் வாறனெண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன்."

வாளை மெல்லக் கீழே வைத்தேன். ஓடாவியார் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "வெட்டியாச்சோ?"

நடக்கச் சொன்ன டொக்டர்

போன கிழமை இந்தப் பத்தியில் என் தையல்கடையைப் பற்றி எழுதியபோது, 'பின்னேரம் ஸ்நூக்கருக்குப் போகிற அவசரத்தில் ஒரு சட்டைக்கு இரண்டு கையும் இடப்பக்கக் கையாக வைத்துத் தைத்துவிட்டேன்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்தச் சட்டையின் கதி என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. உரும்பிராயில் தையல்காரி ஸ்நூக்கர் விளையாடுகிறாளா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஓம், விளையாடுகிறாள்.

தொடக்கம் என்னுடைய மனுசனின் சீனி வருத்தம். டொக்டர் தினமும் நடக்கச் சொன்னார். இவர் இரண்டு நாள் றோட்டில் நடந்தார். மூன்றாம் நாள் நாய் துரத்தியது. அதற்குப் பிறகு பின்னேரமானால் சேட் ஒன்றை மாட்டிக்கொண்டு சந்திப் பக்கம் போய், இருட்டுப்பட முகம் மலர்ந்து திரும்பி வருவார். நடந்த மனுசன் வியர்க்காமல் வருகிறாரே என்று எனக்குச் சந்தேகம்.

ஒருநாள் பின்னால் போனேன். இரும்புக்கடைக்கு மேலே ஒரு மாடி. படியேறிப் பார்த்தால் பச்சைத் துணி விரித்த பெரிய மேசை, அதன் மேல் தொங்கும் விளக்குகள், மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிற என்னுடைய மனுசன்.

"டொக்டர் நடக்கச் சொன்னவர். எங்கை நடக்கிறதெண்டு சொல்லேல்லையே," என்றார், நான் வாய் திறக்க முதலே.

சண்டை பிடிக்கத்தான் போனேன். ஆனால் அந்தத் துணி! நாற்பது வருடமாகத் துணியோடு சீவிக்கிறவள் நான். குனிந்து விரலால் தடவினேன். ஒருபக்கம் தடவினால் வழுக்கியது, மறுபக்கம் தடவினால் கொஞ்சம் பிடித்தது. நல்ல கம்பளித் துணி, இழை போகும் திசையோடு இழுத்து விரித்திருந்தது. நான் துணி பார்க்கிறேன் என்று விளங்காமல், அந்த இடத்தை நடத்துகிற ஜெயம் ஓடிவந்து, "அன்ரி, ஒருக்கா அடிச்சுப் பாக்கிறியளோ?" என்றான்.

அடித்தேன். சிவப்புப் பந்து ஒன்று நேராகப் போய் மூலைப் பொக்கற்றுக்குள் 'டொக்' என்று விழுந்தது. அது தற்செயல் என்பது எனக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியாது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாள் கடையை ஒரு மணித்தியாலம் முந்திப் பூட்டினேன்.

மொட்டைக் கியூ

அந்த மாடியில் சுவரோரம் ஒரு தட்டில் பத்துப் பன்னிரண்டு கியூக்கள் சாத்தியிருக்கும். வருகிறவர்கள் பார்ப்பதற்கு வடிவானதைத்தான் எடுப்பார்கள். கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போகிறவர்களிலும் இந்த ஆம்பிளைகள் மோசம். கறுப்புப் பிடியா, நிறக்கோடு போட்டிருக்கிறதா, பெயர் பொறித்திருக்கிறதா? உடம்புக்கு ஒத்துவருமா என்று யாரும் பார்ப்பதில்லை.

நான் அளவுக்காரி. ஒருத்தர் படியேறி வரும்போதே தோளகலம் என்ன, கை நீளம் என்ன என்று கண் தானாக எடுத்துவிடும். ஒரு கிழமை ஒவ்வொரு கியூவாக எடுத்துக் குனிந்து பார்த்தேன். நிமிர்த்திப் பிடித்தால் எல்லாம் என் நெற்றிவரை வந்தன. கடைசியில் தட்டின் மூலையில் ஒன்று அகப்பட்டது. அடி வெடித்துப்போனதால் யாரோ வெட்டிவிட்ட மொட்டைக் கியூ. மெருகும் இல்லை, பெயரும் இல்லை. அதைப் பிடித்துக் குனிந்தபோது, சரியாக வெட்டிய சட்டையைப் போட்டதுபோல உடம்பு 'அப்பாடா' என்றது.

ஏன் என்று சொல்கிறேன். கியூ வாங்க யோசிக்கிறவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள்.

நிமிர்ந்து நின்றால் கியூவின் முனை தோளுக்கும் நாடிக்கும் நடுவில் வரவேண்டும் என்பது பொதுவான பேச்சு. அது கடைச் சட்டைக்கு மீடியம், லார்ஜ் என்று போடுகிற மாதிரியான கணக்கு. என்னைப்போலக் கட்டையானவர்களுக்கு அது முழுக்கச் சரிவராது, ஏனென்றால் மேசை எங்களுக்காகச் சுருங்காது. எட்டிப் பிடிக்கக் கொஞ்சம் மிச்சம் வேண்டும். எனக்கு மூக்கு நுனிவரை வந்தால் சரி.

ஆனால் நின்று அளந்தால் காணாது, குனிந்தும் பார்க்கவேண்டும். குனிந்து, முன் கையை மேசையில் ஊன்றி, முனை வெள்ளைப் பந்தைத் தொடுகிற நேரத்தில், பிடித்திருக்கிற கை முழங்கையிலிருந்து நேர் கீழே தொங்கவேண்டும். அப்படித் தொங்கும்போது கைக்குப் பின்னால் கியூ ஒரு சாண் அளவு நீட்டிக்கொண்டிருந்தால் போதும். அதற்குமேல் நீட்டினால் பின்பாரம் கூடி முனை மேலே கிளம்பப் பார்க்கும். கையைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் தோள் நோகும்.

பிடியின் தடிப்பும் பார்க்கவேண்டும். சின்னக் கைக்குத் தடித்த பிடி கூடாது, இறுக்கிப் பிடிப்போம், இறுக்கினால் அடி கோணலாகும். பாரத்தைப் பற்றிக் கேட்டால், கடையில் தூக்கும்போது எதுவும் பாரமாகத் தெரியாது. ஒரு மணித்தியாலம் விளையாடிவிட்டுத் தூக்கிப் பாருங்கள்.

மொட்டைக் கியூவோடு நான் வளர்ந்தேன். என்னுடைய மனுசனை வென்றேன். பிறகு ஜெயத்தை ஒருமுறை வென்றேன். அதன்பின் ஜெயம் என்னோடு விளையாடுவதைக் குறைத்துக்கொண்டான்.

ரொறொன்ரோவிலிருந்து ஒரு நீளப் பெட்டி

இந்தச் சந்தோசத்தை வட்ஸ்அப்பில் குட்டனுக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அவன் வீடு அதிரச் சிரித்தான்.

குட்டன் என்னிலும் எட்டு வயது இளையவன். பத்து வயதில் சித்தப்பாவோடு வெளிநாடு போனவன். அதற்குப் பிறகு நாட்டில் சண்டை, விசா, வேலை, பிள்ளைகள் என்று ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு காரணம், வரவே முடியவில்லை. ஃபோனில் முகத்தைப் பார்ப்போம். அவனுக்குத் தலை நரைத்ததையும் எனக்குக் கண்ணாடி தடித்ததையும் ஃபோனில்தான் பார்த்துக்கொண்டோம்.

கொஞ்ச நாளில், கல்யாணவீட்டுக்கு வந்த ஒரு சொந்தக்காரரின் கையில் நீளமான தோல் பெட்டி வந்து சேர்ந்தது. திறந்தால் உள்ளே நீல வெல்வெற். அதற்குள் இரண்டாகக் கழற்றிப் பூட்டுகிற கியூ. முன்பக்கம் வெளிர் மரம், அதில் அம்பு முனை போன்ற ரேகைகள். பிடிப்பக்கம் கருங்காலிபோலக் கறுப்பு. பூட்டி நிமிர்த்தி நிறுத்தினேன். என்னுடைய மனுசன் என்னையும் பார்த்தார், கியூவையும் பார்த்தார், பிறகு வாசலுக்கு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

கியூ என்னைவிட உயரம்.

இங்கேதான் என் தொழிலின் பகிடியைச் சொல்லவேண்டும். என் கடைக்கு வருகிற வேலையில் பாதி, வெளிநாட்டிலிருந்து வந்த உடுப்பை வெட்டிச் சின்னதாக்குவது. இலண்டன் ஜீன்ஸ், ஜேர்மன் கோட், சுவிஸ் சேட், எல்லாம் இரண்டு பேர் உள்ளே போகலாம் என்ற அளவில் வரும். கால் வெட்டு, இடுப்புப் பிடி, கை குறை என்று கொண்டுவந்து தருவார்கள். தரும்போது எல்லோரும் ஒரே வசனம்தான் சொல்வார்கள்: "அனுப்பின ஆளுக்குத் தெரியக்கூடாது." படமெடுத்து அனுப்பும்போது, 'அளவெடுத்த மாதிரி இருக்கு' என்று எழுதுவார்கள். அனுப்பியவர் அடுத்த வருடமும் அதே அளவில் அனுப்புவார். எனக்குத் தொழில் நடக்கும்.

அந்தத் தொழில் செய்கிற நானும் படமெடுத்து அனுப்பினேன். உயரம் தெரியாமலிருக்கக் கதிரையில் இருந்தபடி, கியூவை மடியில் வைத்துக்கொண்டு. 'அளவெடுத்த மாதிரி இருக்கு' என்று எழுதினேன்.

பிறகு தொடங்கியது கூத்து. வந்த பரிசைப் பாவிக்காமல் விடமுடியாது. சந்தி முழுக்கக் கனடாக் கியூ வந்த செய்தி போய்விட்டது. மேசையில் குனிந்தால் பிடி என் பின்னால் அரை வீடு தூரம் நீளும். முதல் நாளே சுவரில் இருந்த சுண்ணாம்பு உதிர்ந்தது. இரண்டாம் நாள் ஜெயத்தின் விலா. மூன்றாம் நாள் என்னுடைய மனுசனின் வயிறு. "டொக்டர் நடக்கத்தான் சொன்னவர், உதை வாங்கச் சொல்லேல்லை," என்று முனகினார். அடிக்கிற பந்து ஒன்றும் விழவில்லை. வெட்டித்தான் ஆகவேண்டும் என்று துணிந்து ஓடாவியாரிடம் போன அன்றைக்குத்தான் அந்த ஃபோன் வந்தது.

வெட்டினால் குட்டனின் மனம் நோகும். அத்தனை வருடத்தில் அவனே கடைக்குப் போய், தன் கையால் தெரிந்தெடுத்து, அக்காவுக்கென்று வாங்கிய முதல் சாமான் அது. வெட்டாமல் விட்டால் அவன் கண் முன்னால் நான் மானம் கெடுவேன். இரண்டில் எது என்று யோசிக்கக்கூட இல்லை. மானம் போனால் போகட்டும்.

பலாலியில்

சென்னை வழியாகப் பலாலி விமான நிலையத்துக்கு வந்து இறங்கினான் குட்டன். நான் விடியவே எழும்பிவிட்டேன். அன்றைக்கு என் சேலைக்கு ஊசி குத்திவிட்டது என்னுடைய மனுசன்தான்.

கதவு திறந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். குட்டனைக் கண்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதே நடை, அதே குழம்பின தலைமயிர். ஆனால் பனை மாதிரி வளர்ந்திருந்தான். கையை ஆட்டினேன். அவன் என் பக்கம்தான் பார்த்தான், ஆனால் என் தலைக்கு மேலால் பார்த்தான். பார்த்தபடியே என்னைக் கடந்து நாலடி போய்விட்டான்.

"குட்டன்!" என்று கத்தினேன்.

திரும்பினான். குனிந்து பார்த்தான். முகத்தில் என்னவோ ஒன்று வந்து போனது, என்னவென்று எனக்கு விளங்கவில்லை. நான் அவ்வளவு கிழண்டு போனேனோ என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் அவன் என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டான். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. சனம் பார்க்கப் பார்க்க இரண்டு பேரும் விக்கி விக்கி அழுதோம், பிறகு செருப்பைத் தேடினோம்.

வீட்டுக்கு வருகிற வழி முழுக்க ஓயாமல் கதைத்தான். கியூவைப் பற்றி மட்டும் ஒரு சொல் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கியூவைப் பற்றிப் பேச்சு வரும்போல் இருந்தால், இரண்டு பேரும் பாய்ந்து மழையைப் பற்றிக் கதைத்தோம்.

ஆனால் இவர் சும்மா இருப்பாரா? "நாளைக்குப் பின்னேரம் மாடிக்குப் போவம்," என்றார். குட்டன் என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். "ஓம், ஓம், போவம்," என்றோம் ஒரே குரலில்.

ஊதினால் விழுகிற கறுப்பு

அடுத்த நாள் மாடியில் நிற்க இடமில்லை. கனடாத் தம்பியைப் பார்க்க வந்த கூட்டம். ஓடாவியார்கூட வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கீழே இரும்புக்கடையில் கம்பி வெட்டுகிற சத்தம், மேலே காற்றாடிச் சத்தம்.

எனக்கும் இவருக்கும் ஆட்டம். இவர் நல்ல மனுசன், எனக்காக இடைக்கிடை வேண்டுமென்றே பிழையாக அடித்தார். அப்படியும் என்னால் ஒன்றையும் விழுத்த முடியவில்லை. ஒருமுறை பின்னால் இழுத்தபோது பிடி ஆரோ ஒருவரின் கையிலிருந்த தேத்தண்ணியைத் தட்டிவிட்டது. நான் திரும்பிப் பார்த்து மன்னிப்புக் கேட்கும்போது, முன் முனை விளக்கில் முட்டியது.

கடைசியில் கறுப்புப் பந்து மூலைப் பொக்கற்றின் வாயில் நின்றது. ஊதினாலே விழும். வெள்ளைப் பந்து அதற்கு நேரே. குனிந்தேன், மூச்சை அடக்கினேன், அடித்தேன். முனை கிளம்பி, வெள்ளைப் பந்தின் தலையைத் தடவிவிட்டுப் போனது. வெள்ளை இரண்டு விரற்கடை உருண்டு நின்றது. கறுப்பு அசையவில்லை.

குட்டன் ஒரே ஆளாகக் கைதட்டினான்.

"நல்ல அடி, அக்கா!"

என்னுடைய மனுசனுக்குப் பொறுக்கவில்லை. "குட்டன், உம்மடை அக்கா கெட்டிக்காரி. நான் அவவிட்டைத் தோத்த கணக்கு எனக்குத்தான் தெரியும். பிழை அவவிலை இல்லை. உந்தத் தடியிலை."

நான் அவரை எரித்துவிடுகிறமாதிரிப் பார்த்தேன். குட்டன் எழும்பி வந்தான். கியூவை என் கையிலிருந்து வாங்கி எனக்குப் பக்கத்தில் நிறுத்தினான். முனை என் உச்சிக்கு மேலே நின்றது.

"அக்கா, பலாலியிலை கண்டவுடனையே எனக்கு விளங்கிட்டுது. நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. நான் எப்பிடிச் சொல்லுறது?"

"என்ன விளங்கினது?"

"நீங்கள் கட்டையெண்டு."

"டேய், நான் எப்பவும் கட்டைதானே!"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் போகேக்கை உங்களை அண்ணாந்தெல்லோ பாத்தனான். ஃபோனிலை முகம் மட்டும்தானே தெரியும்." அவனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, கண்ணும் கலங்கியது. "கடைக்காரன், அக்கா என்ன உயரமெண்டு கேட்டான். நான் இப்பிடிக் காட்டினன்."

கையைத் தூக்கித் தன் தலைக்கு மேலே, நீட்டிய விரல் காற்றாடிக்குக் கிட்டப் போகிற அளவுக்குப் பிடித்துக் காட்டினான்.

"அவன் என்னை மேலையும் கீழையும் பாத்திட்டு, உங்கடை அக்கா கூடைப்பந்து விளையாடுறவவோ எண்டு கேட்டான். ஓம் எண்டிட்டன்."

மாடி முழுக்க வெடித்துச் சிரித்தது. நானும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று விளங்கியது. அந்த நாட்டில் அவன் வளர வளர, அவனுடைய நினைவில் நானும் அவனைவிட ஒரு பிடி கூடுதலாக வளர்ந்துகொண்டே வந்திருக்கிறேன். பலாலியில் அவன் என் தலைக்கு மேலால் தேடியது என்னைத்தான்.

"வெட்டுங்கோ, அக்கா," என்றான்.

"கனடாக்காரரே சொல்லிப்போட்டார். இப்ப நானே வெட்டுறன்," என்று ஓடாவியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார். ஜெயம் கீழே இரும்புக்கடைக்கு வாள் வாங்க ஓடினான்.

என் கழுத்தில் எப்போதும் கிடக்கிற அளவெடுக்கும் ரேப்பைக் குட்டன் எடுத்தான். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற என்னை யாரும் அளவெடுத்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அவன் முழங்காலில் நின்று, ரேப்பின் நுனியை நிலத்தில் பிடித்து, மற்ற நுனியை என் மூக்குவரை இழுத்தான்.

அளவெடுக்கும்போது வயிற்றை எக்குகிறவர்கள், நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் என்று எத்தனை பேரை என் கடையில் ஏசியிருக்கிறேன். இயல்பாக நில்லுங்கள், பிறகு உடுப்புப் பிடிக்காது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் தெரிந்த நான், என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அவன் முகத்தைப் பார்த்தேன். குதிக்காலைக் கொஞ்சம் உயர்த்தினேன்.

"தங்கச்சி, குதியைக் கீழை வையுங்கோ," என்றார் ஓடாவியார்.

"விடுங்கோ அண்ணை," என்றான் குட்டன். "அவ நிக்கிறபடி நிக்கட்டும்."

கியூ முனைக்குப் பூசுகிற நீல வெண்கட்டியால், அந்த அளவிலேயே கியூவின் அடிப்பக்கத்தில் கோடு போட்டான். அந்தக் கோட்டில் வெட்டிய கியூதான் இன்றைக்கும் என்னுடைய கியூ. கறுப்பெல்லாம் விழுகிறது, ஜெயம் திரும்பவும் என்னைக் கண்டு ஒளிக்கிறான். ஆனால் உள்ளதைச் சொன்னால், அது எனக்கு ஒரு விரற்கடை நீளம் கூட. ஓடாவியார் காணும்போதெல்லாம் அந்த ஒரு விரற்கடையையும் எடுத்துவிடட்டோ என்று கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.